மலிவு விலைக் கடையும் மாதச் சம்பளமும்

மாதம் பிறந்து சம்பளம் கைக்கு வந்த முதல் ஞாயிறன்று புணே நகரத்து டி-மார்ட் அங்காடி எதன் வாயிலிலேனும் நின்று பார்த்தால், தள்ளுவண்டிக்குக் காத்திருப்போர் வரிசையில் தமிழ்ப் பேச்சு காதில் விழாமல் போகாது. வானவடியிலிருந்தும் ஃபாத்திமா நகரிலிருந்தும் இரண்டு குடும்பங்கள் சேர்ந்து ஓர் ஆட்டோ பிடித்துக்கொண்டு செல்வது நம்மவரிடையே வழக்கமாகிவிட்டது. வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், ஊரிலுள்ள பெற்றோருக்கு அனுப்பும் தொகை இவற்றில் எதையும் குறைக்க இயலாது. குறைக்கக் கூடியது மளிகைக் கணக்கு ஒன்றே. ஆதலால் அந்தக் கணக்கைச் சற்று நிதானமாக ஆராய்வது நம் சங்கக் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று கருதி இதை எழுதலானோம்.

முதலில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டாக வேண்டும். இக்கடைகளில் விலை குறைவு என்பது வெறும் விளம்பரம் அன்று. பங்குச் சந்தையில் பெயர் பெற்ற ராதாகிஷன் தமானி 2002இல் மும்பையின் பவாயில் முதல் டி-மார்ட்டைத் திறந்தார். பெரும்பாலான கடைகளைச் சொந்தக் கட்டடத்திலேயே நடத்துவது அவர் கொள்கை. ஆகவே வாடகைச் சுமை குறைவு. சரக்கு அனுப்பியவருக்கு நாள் கடத்தாமல் பணம் கொடுத்துவிடுவதால் அவரும் விலையில் விட்டுக்கொடுக்கிறார். ஒரே பொருளில் இருபது தினுசு அடுக்காமல், விரைவில் விற்றுப்போகும் சில தினுசுகளை மட்டும் வைக்கிறார்கள். ஜெர்மனியில் ஆல்பிரெக்ட் சகோதரர்கள் தங்கள் தாயாரின் சிறு கடையை ‘ஆல்டி’ என்ற பெரும் அங்காடிக் கூட்டமாக வளர்த்ததும் ஏறக்குறைய இந்த வழியில்தான்.

இந்த யோசனை நமக்குப் புதிதும் அன்று. சென்னைத் திருவல்லிக்கேணியில் 1904இல் தோன்றிய கூட்டுறவுப் பண்டகசாலை, நடுத்தரக் குடும்பங்கள் சேர்ந்து சரியான எடையும் நியாய விலையும் பெறுவதற்காக ஏற்பட்டது. மும்பையில் தொழிலாளர் வாழ்ந்த நாய்காவ் பகுதியில் 1948இல் எழுந்த ‘அப்னா பஜார்’ அதே இனம். தமானி டி-மார்ட்டைத் தொடங்குமுன், நவி மும்பையில் அப்னா பஜாரின் கிளை ஒன்றை எடுத்து நடத்தித்தான் தொழிலைப் பழகினார் என்பது பலர் அறியாத செய்தி. பண்டகசாலையில் லாபம் அங்கத்தினருக்குத் திரும்பும். இங்கே பங்குதாரருக்குச் செல்கிறது. வித்தியாசம் சிறியதன்று. எனினும் பருப்பு வாங்கச் செல்பவர் அதைப் பற்றி யோசிக்க நேரமேது!

இனி நம் கணக்குக்கு வருவோம். பில்லின் அடியில் ‘நீங்கள் சேமித்தது இவ்வளவு’ என்று ஒரு தொகை அச்சாகி வருகிறதல்லவா? அது உறையின்மீது அச்சிட்ட உச்ச விலைக்கும் கடை விலைக்கும் உள்ள வித்தியாசம். உச்ச விலை என்பது அதற்குமேல் விற்கலாகாது என்று சட்டம் இட்ட வரம்பு. அதற்குக் கீழே யாரும் விற்கலாம். நம் தெருமுனைக் கிராணா கடைக்காரரும் பல பொருள்களில் அந்த விலைக்குச் சில ரூபாய் குறைத்தே கொடுக்கிறார். ஆகவே உண்மையான மிச்சம் தெருக்கடை விலையிலிருந்து கழித்துப் பார்த்தால்தான் தெரியும். பில்லில் உள்ள தொகையைக் கண்டு மகிழ்வது, ஏறாத வண்டிக்குக் கொடுக்காத கட்டணத்தை வருமானமாக எழுதிக்கொள்வது போன்றதே.

வானவடியில் நமக்குப் பழக்கமான குடும்பம் ஒன்று. கணவர் வண்டி ஓட்டுகிறார். மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்கிறார். விருதுநகர்ப் பக்கத்துக் கிராமத்தில் தனியே இருக்கும் தாயாருக்கு மாதம் 2,000 ரூபாய் அனுப்பிவந்தவர்கள், இரண்டு மாதமாக அனுப்ப முடியவில்லை. அந்த அம்மையார் நம் இல்லத்தில் ஒருநாள் பில்லைக் காட்டி, “அக்கா, 900 ரூபாய் மிச்சம் என்று இதில் போட்டிருக்கிறது. வீட்டில் மட்டும் அது கண்ணில் படவில்லையே!” என்றார். உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். மொத்தம் 5,600 ரூபாய். அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு முதலிய மாதச் சாமான்கள் 3,700. அதே சாமான்கள் தெருக்கடையில் 4,100 ஆகியிருக்கும். ஆட்டோவில் அவர்கள் பங்கு 100 போக, மெய்யான மிச்சம் 300. மீதி 1,900 ரூபாய்க்கு ஒரு படுக்கை விரிப்பு, பிளாஸ்டிக் டப்பாக்கள், பையனுக்கு ஒரு சட்டை, பிஸ்கோத்துக் கட்டுகள். தாயாருக்குப் போகவேண்டிய தொகை எங்கே நின்றது என்று சொல்லத் தேவையில்லை.

இது அந்த அம்மையாரின் குறையும் அன்று. இத்தகைய கடைகளின் வியாபாரமே அவ்விதம் அமைந்தது. விற்பனையில் பாதிக்குமேல் உணவுப் பொருள். அதில் லாபம் மிகச் சொற்பம். துணிமணி, பாத்திரம், வீட்டுச் சாமான் இவற்றில்தான் லாப விகிதம் அதிகம். பருப்பு நம்மை உள்ளே அழைக்கிறது. டப்பா அதற்குக் கூலி வாங்கிக்கொள்கிறது. அடுத்த மாதம் அவர்கள் கையில் ஜாபிதாவும் 4,000 ரூபாய் ரொக்கமும் மட்டும் எடுத்துக்கொண்டு, குழந்தைகளை நம் வீட்டில் விட்டுவிட்டுச் சென்றார்கள். துணி விற்கும் பக்கம் தலை திருப்பவில்லை. அந்த மாதம் ஊருக்குப் பணம் சென்றது. விடுபட்ட மாதத் தொகையையும் சிறுகச் சிறுகச் சேர்த்து அனுப்புகிறார்கள்.

உறையின் அளவையும் கவனித்தல் நலம். பார்வைக்கு ஒரு கிலோ போலிருக்கும் பொட்டலத்தில் 800 கிராம் இருக்கலாம். ஒரு லிட்டர் எண்ணெய் என்பது ஏறக்குறைய 910 கிராமே. 2021இல் திருத்தப்பட்ட விதிப்படி, கிலோவுக்குக் குறைந்த பொட்டலமாயின் கிராமுக்கு இவ்வளவு, மிகுந்ததாயின் கிலோவுக்கு இவ்வளவு என்று உறையில் அச்சிட வேண்டும். எழுத்து மிகப் பொடி. மூக்குக் கண்ணாடி இன்றிப் போகவேண்டாம். பெரிய பொட்டலமே எப்போதும் மலிவு என்றும் நம்பிவிடலாகாது. அன்றியும் ஜூன் முதல் செப்டம்பர் வரை புணேயின் ஈரக் காற்றில் ரவையும் மாவும் வண்டு பிடிக்கும். மூன்று மாத ரவையை மலிவாக வாங்கி ஒரு மாத ரவையைக் கொட்டுவதில் லாபம் என்ன?

சிலருக்கு வேறு வழிகளும் உண்டு. வானவடி பட்டாளத்தார் நிறைந்த பகுதியாகையால், ஓய்வு பெற்ற ராணுவக் குடும்பத்தார் கான்டீன் அட்டையில் வாங்குகிறார்கள். ரயில்வே குமாஸ்தாக்களுக்கு அந்த யோகம் இல்லை!

தெருமுனைக் கடையை அடியோடு விட்டுவிடுவது பற்றி நமக்குச் சம்மதமில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது பயணி வண்டிகள் நின்றன. சரக்கு வண்டிகள் ஓடின. சரக்கு நகருக்கு வந்தும், பெரிய அங்காடி வரை போக நமக்கு வழியில்லை. அன்று சீட்டில் எழுதிக் கொடுத்ததை வாசலில் கொண்டுவந்து வைத்து, பணத்தைப் பிறகு வாங்கிக்கொண்டவர் ராஜஸ்தானத்திலிருந்து பிழைக்க வந்த நம் கிராணா கடைக்காரர்தான். அவரும் நம்மைப் போல் வேற்றூர்க்காரர். பால், தயிர், கொத்துமல்லி, மாதக் கடைசியில் கால் கிலோ சர்க்கரை இவற்றை இன்றும் அவரிடமே வாங்குகிறோம். கடைசி வாரத்தில் கணக்குப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளும் கடை வேறெது?

இட்லி அரிசி தனிக் கதை. பெரிய அங்காடிகளில் கோலமும் பாஸ்மதியும் மலிவாக இருக்கும். நமக்கு வேண்டிய புழுங்கலரிசி எப்போதும் அகப்படுவதில்லை. அதற்காக ராஸ்தா பேட்டைத் தென்னிந்தியக் கடைகளுக்குப் போய் ஐந்தைந்து கிலோவாகச் சுமந்து வருகிறோம். குல்டேக்டி மார்க்கெட் யார்டு வானவடிக்குத் தொலைவில்லை. அங்குள்ள தானிய மண்டியில் மூட்டையாக வாங்கினால் விலை இறங்கும். நம் தெருவில் ஐந்து குடும்பங்கள் சேர்ந்து 25 கிலோ மூட்டை ஒன்றை வாங்கிப் பகிர்ந்துகொள்வதென்று வரும் மாதம் தொடங்குகிறோம். தராசு நம் வீட்டில் இருக்கிறது. பை மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும்.