நீருக்கடியில் ஒரு நகரவாசி – 9: வாடகை ரேக்கில் என்ன தொங்குகிறது?

கொல்கத்தாவின் நியூ டவுனில் குடியிருந்துகொண்டு ஸ்கூபா பழகுகிறவருக்குக் கடல், விமான டிக்கெட்டில்தான் தொடங்குகிறது. வங்காள விரிகுடா பக்கத்தில் இல்லாமல் இல்லை. ஆனால் கங்கையும் பிரம்மபுத்திராவும் ஆண்டுக்குச் சுமார் நூறு கோடி டன் வண்டலைக் கொண்டுவந்து கொட்டும் கடல் அது. திகா கடற்கரையில் குளிக்கலாம், அலையில் ஆடலாம். நீருக்கடியில் பார்க்க எதுவும் கிடைக்காது. தெளிந்த தண்ணீர் வேண்டுமென்றால் இரண்டு மணி நேரத்துக்கும் சற்று மேலாகப் பறந்து, போர்ட் பிளேர் என்று நாம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கும் ஸ்ரீ விஜயபுரத்தில் இறங்கி, படகேறி ஹாவ்லாக் போகவேண்டும்.

ஓபன் வாட்டர் சான்றிதழ் கைக்கு வந்ததுமே பலருக்கும் வரும் கேள்வி, “எந்த பிராண்டு நல்லது சார்?” ஆபீஸ் கேன்டீனில் என்னிடமும் கேட்கிறார்கள். பிராண்டுக்கு வருவதற்கு முன்னால், எதை வாங்கவே வேண்டாம் என்பதைப் பார்த்துவிடலாம்.

வாங்கக்கூடாதது

சிலிண்டர். நம் நாட்டில் அது 2016-ஆம் ஆண்டு எரிவாயு சிலிண்டர் விதிகளுக்குள், நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ அமைப்பின் கண்காணிப்பில் வருகிறது. குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை செய்தாக வேண்டும். காற்று நிரப்பியதை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். டைவ் சென்டரில் தருவார்கள், விட்டுவிடுங்கள்.

பி.சி.டி. எனப்படும் மிதவை ஜாக்கெட்டும் முதல் ஆண்டில் தேவையில்லை. சாதாரண ஜாக்கெட்டே மூன்று, மூன்றரைக் கிலோ இருக்கும். ரெகுலேட்டர், ஃபின்ஸ், பூட்ஸ், வெட்சூட் எல்லாம் சேர்த்தால் பத்துக் கிலோவைத் தாண்டும். உள்நாட்டு விமானத்தில் பொதுவாகத் தருவதே 15 கிலோ; மிச்சத்தில்தான் மாற்றுத் துணி. கிரெஸ்ஸியின் ‘டிராவலைட்’ போல எடை குறைந்த ஜாக்கெட்டுகள் இருக்கின்றன. ஆனால் வருஷத்துக்கு ஒரு தடவை கடலுக்குப் போகிறவருக்கு அதுவும் அலமாரியில் தூங்கும் முதலீடுதான்.

முதலில் மாஸ்க்

மாஸ்க் விஷயத்தில் பிராண்டு கிட்டத்தட்ட பொருட்டே இல்லை, முகம்தான் பொருட்டு. வாரை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக உறிஞ்சிவிட்டுக் கையை எடுங்கள். விழாமல் ஒட்டி நின்றால் அது உங்களுக்கானது. மீசைக்காரர்கள் மேலுதட்டுப் பக்கத்தைக் கூடுதலாகக் கவனியுங்கள், தண்ணீர் கசிவது பெரும்பாலும் அங்கேதான். கண்ணாடி போடுகிறவர்கள், பவர் லென்ஸ் மாற்றிப் பொருத்த வசதியுள்ள மாடலாகக் கேளுங்கள். ஜப்பானின் டூசா இதில் பல வகைகள் வைத்திருக்கிறது.

டெகத்லானின் ‘ஈஸிபிரீத்’ போல முகம் முழுக்க மூடும் மாஸ்க்கைப் பார்த்து மயங்கவேண்டாம். அது நீர்ப்பரப்பில் மிதந்து பார்க்க மட்டும். ஆழம் போகும்போது மூக்கைப் பிடித்துக் காதழுத்தத்தைச் சரிசெய்ய வேண்டும். அதில் மூக்கைப் பிடிக்க முடியாது.

அடுத்து டைவ் கம்ப்யூட்டர்

காலையில் நீங்கள் எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தீர்கள் என்ற கணக்கை வைத்துத்தான் பிற்பகல் டைவின் எல்லையைக் கம்ப்யூட்டர் சொல்கிறது. காலையில் ஒன்று, மாலையில் இன்னொன்று என்று வாடகைக்கு எடுத்தால் அந்தக் கணக்கு அறுந்துபோகும். அதனால் இது சொந்தமாக இருப்பது நல்லது.

1936-ல் திசைகாட்டிக் கம்பெனியாகத் தொடங்கிய பின்லாந்தின் சூண்டோ, எச்சரிக்கையான கணக்குக்குப் பேர்போனது. அடுத்தடுத்த டைவுகளில் நேரத்தைக் கறாராகக் குறைக்கும். கனடாவின் ஷியர்வாட்டர், சூரிச் மருத்துவர் பூல்மனின் கணக்கை வைத்துக்கொண்டு, எவ்வளவு எச்சரிக்கை வேண்டும் என்பதை நம் கையில் விடுகிறது. திரையும் பளிச்சென்று இருக்கும், விலையும் அப்படியே. கிரெஸ்ஸி ‘லியோனார்டோ’வில் ஒரே பட்டன். மெனுவுக்குள் போய்வரப் பொறுமை வேண்டும், ஆனால் பேட்டரியை நாமே மாற்றிக்கொள்ளலாம். தீவில் சார்ஜரைத் தேடி அலையவேண்டியதில்லை.

கடைசியில் ரெகுலேட்டர்

சிலிண்டரில் காற்று 200 பார் அழுத்தத்தில் இருக்கிறது. ரெகுலேட்டரின் முதல் நிலை அதைச் சுற்றியுள்ள நீரழுத்தத்தைவிட ஒன்பது, பத்து பார் மட்டும் கூடுதலாக இருக்கும்படி இறக்குகிறது. வாயில் கவ்வும் இரண்டாம் நிலை அதை மூச்சுக்கு ஏற்ற அளவுக்குக் கொண்டுவருகிறது. 1943-ல் கூஸ்தோவும் காஞானும் பிரான்சில் ‘அக்வாலங்’கை உருவாக்கியதிலிருந்து இந்த அடிப்படை மாறவில்லை. மாறுவது முதல் நிலையின் உள்ளமைப்பு: பிஸ்டனா, டயஃப்ரமா, பேலன்ஸ்டா, அன்பேலன்ஸ்டா.

ஸ்கூபாபுரோ ‘எம்.கே.2’, கிரெஸ்ஸி ‘ஏ.சி.2’ இரண்டும் அன்பேலன்ஸ்டு பிஸ்டன். உறுப்புகள் குறைவு, விலை குறைவு, பழுதும் குறைவு. சிலிண்டர் காலியாக ஆக மூச்சிழுப்பது கொஞ்சம் கனக்கும். ஸ்கூபாபுரோ ‘எம்.கே.25’ போன்ற பேலன்ஸ்டு வகைகளில் அந்த வித்தியாசம் தெரியாது. ஆனால் ஓபன் வாட்டர் சான்றிதழுக்கான 18 மீட்டர் எல்லைக்குள் நிற்கிற புதியவருக்கு எளிய வகையே தாராளம்.

முதல் நிலையின் உலோகத்தில் பொடி எழுத்தில் ‘ஈ.என். 250’ என்ற ஐரோப்பியத் தர முத்திரை இருக்கும். அதோடு ‘10 டிகிரிக்கு மேல்’ என்று பொறித்திருந்தால், அது குளிர்நீருக்கு ஏற்றதல்ல என்று பொருள். அந்தமான் தண்ணீர் 27 முதல் 30 டிகிரி. எனவே அந்தக் குறிப்பு நமக்குக் குறையே இல்லை. பனிக்கடலுக்கான மாடலுக்குக் கூடுதல் பணம் தருவதுதான் வீண்.

சரி, பிராண்டுச் சண்டை? இத்தாலியின் மாரெஸ் ஹெட் நிறுவனத்துடையது. 2025-ல் அக்வாலங்கும் அதன் தம்பி அபெக்ஸும் அதே ஹெட்டின் கைக்கு வந்துவிட்டன. எஸ்.எஸ்.ஐ. என்ற பயிற்சி அமைப்பும் அவர்களுடையதே. கடையில் எதிரெதிராகத் தொங்கும் இரண்டு பெயர்களின் லாபம் ஒரே பெட்டிக்குள் போகலாம்.

ஆகவே நான் சொல்லும் விதி ஒன்றுதான். நீங்கள் வழக்கமாகப் போகும் டைவ் சென்டரின் வாடகை ரேக்கில் எந்த பிராண்டு தொங்குகிறதோ, அதையே வாங்குங்கள். ரெகுலேட்டரை ஆண்டுக்கொரு முறையோ, கம்பெனி சொல்லும் கணக்குப்படியோ பிரித்து, ஓ-ரிங்குகளை மாற்றவேண்டும். ஒவ்வொரு பிராண்டுக்கும் சர்வீஸ் கிட் தனி, பயிற்சி பெற்ற ஆளும் தனி. பல கைகள் மாறியும் தாக்குப்பிடிக்கும் கருவி, அதற்கான உதிரி, கழற்றி மாட்டத் தெரிந்த ஆள் மூன்றும் அந்த ரேக்குக்குப் பின்னாலேயே இருக்கும். பாங்காக்கில் மலிவாகக் கிடைத்ததென்று வேறொன்றை வாங்கி வந்தால், சர்வீஸுக்கு அனுப்பும் கூரியர் செலவில் அந்த மலிவு கரைந்துவிடும்.

*அடுத்த வாரம்: உப்பைக் கழுவும் கலை. குளியலறை வாளியில் ரெகுலேட்டரை எப்படி நனைப்பது, எப்படி நனைக்கக்கூடாது?*