அளவு சொன்னால் ஆள் வரும்

அடுப்படியிலிருந்து இணையத்துக்கு – 9

சமையல் குறிப்புகளை இணையத்தில் எழுதத் தொடங்கிய பலரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. “எழுதிப் போட்டாச்சு, படமும் போட்டாச்சு. ஆனா கூகுள்ல தேடினா நம்ம குறிப்பு கண்ணுலயே படமாட்டேங்குதே, என்ன செய்ய?” இந்த வாரம் அதைத்தான் பார்க்கப்போகிறோம்.

ராஜபாளையம் வட்டாரத்தை வைத்தே பதில் சொல்லிவிடலாம். நைட்டித் தையலுக்குப் பேர்போன தளவாய்புரத்தை ஒட்டியிருக்கிறது செட்டியார்பட்டி. அங்கே இருந்து எழுதுகிற ஒருவரை எண்ணிப் பாருங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, சாத்தூர் சேவு, விருதுநகர் எண்ணெய் பரோட்டா, கோவில்பட்டிக் கடலைமிட்டாய், கோடை பிறந்தால் ராஜபாளையம் சப்பட்டை மாம்பழம் என்று எல்லாமே பஸ் ஏறிப் போய் வந்துவிடுகிற தூரம். செய்கிறவர்களையே நேரில் பார்த்துப் பேசலாம். வெளியூரில் உட்கார்ந்து எழுதுகிறவருக்குக் கிடைக்காத வசதி இது. அப்படியிருந்தும் எழுத்து மேலே வராமல் போகிறதென்றால், முதலில் தொழில்நுட்பத்தைச் சந்தேகப்படாதீர்கள். எழுதிய குறிப்பை எடுத்துப் படித்துப் பாருங்கள்.

கூகுள் எதைப் பார்க்கிறது?

1998-ல் லாரி பேஜும் செர்கே பிரினும் கூகுளைத் தொடங்கியபோது அவர்கள் கையில் இருந்த பெரிய யோசனை இதுதான்: ஒரு பக்கத்தைச் சுட்டி மற்றவர்கள் எத்தனை இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள், கொடுத்தவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதை வைத்து அதன் தகுதியை அளப்பது. உடனே காசுக்கு இணைப்பு வாங்குவதும், ஒரே சொல்லைப் பக்கம் முழுக்கத் திணிப்பதும் தொடங்கிவிட்டன. கூகுளும் ஒவ்வொரு கதவாக அடைத்துக்கொண்டே வந்தது. பக்கத்தின் உள்ளே மறைவாக எழுதிவைக்கும் ‘கீவேர்டு’ பட்டியலைத் தரவரிசைக்குக் கணக்கில் எடுப்பதில்லை என்று 2009-லேயே சொல்லிவிட்டது. 2011-ல் வந்த ‘பாண்டா’ மாற்றம், சத்தில்லாத பக்கங்களைக் குவித்த தளங்களைக் கீழே தள்ளியது.

தேடல் முடிவுகள் தரமாக இருக்கின்றனவா என்று சோதிக்க கூகுள் ஆட்களை வைத்திருக்கிறது. அவர்கள் போடும் மதிப்பெண்ணால் எந்தத் தனிப் பக்கமும் நேரடியாக ஏறுவதோ இறங்குவதோ இல்லை. கணிப்பு முறை சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் அது. ஆனால் அவர்களுக்கான கையேட்டைப் படித்தால் கூகுளின் விருப்பம் தெரிந்துவிடும். துறையறிவு, மதிப்பு, நம்பகத்தன்மை என்ற மூன்றோடு 2022 டிசம்பரில் நான்காவதாக ‘அனுபவம்’ சேர்க்கப்பட்டது. எழுதியவர் அதைத் தானே செய்து பார்த்திருக்கிறாரா என்பதே அதன் பொருள். இந்த நான்கில் நம்பகத்தன்மைதான் முக்கியம் என்றும் கையேடு சொல்கிறது. அடுப்படியில் நின்று எழுதுகிறவருக்கு இதைவிட நல்ல செய்தி என்ன இருக்கிறது?

ஒரு லிட்டர் பாலில் எவ்வளவு?

பால்கோவாவையே எடுத்துக்கொள்வோம். “பாலை நன்றாகச் சுண்டக் காய்ச்சி, சீனி சேர்த்து, பதம் வந்ததும் இறக்கவும்.” இதில் பொய் எதுவும் இல்லை, பயனும் இல்லை. எவ்வளவு பால், எவ்வளவு சீனி, எவ்வளவு நேரம், எது பதம் என்று எதுவுமே சொல்லப்படவில்லை. பால்கோவாவை வாழ்நாளில் செய்யாத ஒருவரும் இதை எழுதிவிட முடியும்.

இப்போது கணக்குப் போடுவோம். ஒரு லிட்டர் பசும்பாலின் எடை சுமார் 1,030 கிராம். அதில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். முழுவதும் வற்றினால் மிஞ்சுவது ஏறக்குறைய 130 கிராம். சீனி 125 கிராம் சேர்த்தால் மொத்தம் 255 கிராம். பால்கோவாவில் கால் பங்கு ஈரம் நிற்பதாக வைத்துக்கொண்டால் 340 கிராம் வரும். எருமைப்பாலில் சத்து அதிகம் என்பதால் கொஞ்சம் கூடும். ஆக, ஒரு லிட்டர் பசும்பாலில், இந்தச் சீனி அளவுக்கு அரைக் கிலோ பால்கோவா எடுக்கலாம் என்று எங்கேயாவது படித்தால், எழுதியவர் நிறுத்துப் பார்க்கவில்லை அல்லது வேறு ஏதோ மாவைச் சேர்த்திருக்கிறார் என்று புரிந்துகொள்ளலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பால் சுண்டிக் கெட்டியாகி வரும்போது சீனியைப் போட்டால், மொத்தமும் மறுபடி இளகி ஓடும். முதல்முறை கிண்டுகிறவர் பயந்துபோவார். சீனி கரைவதால்தான் அப்படி இளகுகிறது, கைவிடாமல் கிண்டினால் மறுபடி இறுகிவிடும் என்று அந்த இடத்தில் ஒரு வரி இருந்தால் அவர் அடுப்பை அணைக்கமாட்டார். கிண்டியவருக்குத்தான் அந்த வரியை எழுதத் தெரியும். அதைப் படித்து ஒழுங்காகச் செய்து முடித்தவர்தான் நாலு பேருக்கு அனுப்புவார். காசு கொடுக்காமல் வரும் இணைப்பு அது.

இது இணையத்துக்கு மட்டும் உரிய பாடம் இல்லை. எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ 1951-ல் வெளிவந்தது. சமையலே தெரியாமல் புகுந்த வீட்டுக்குப் போன பெண்களும் அதை நம்பிக் கையில் எடுத்தார்கள். அளவோடும் வரிசையோடும் எழுதப்பட்டிருந்ததுதான் அந்த நம்பிக்கைக்குக் காரணம். தலைமுறைகள் கடந்தும் அந்தப் புத்தகம் விற்கிறது.

ஊர்ப் பெயரைச் சும்மா போடாதீர்கள்

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-லும், கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயர்கள் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. வீட்டில் மைக்ரோவேவில் பால்பவுடரை வைத்துச் செய்ததை ‘ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா’ என்று தலைப்பிட்டால் தேடுகிறவர் வரத்தான் செய்வார், ஏமாந்து திரும்பியும் போவார். ‘வீட்டு முறையில் பால்கோவா’ என்றே எழுதுங்கள். கடைகளில் எப்படிச் செய்கிறார்கள் என்பதைப் போய்ப் பார்த்து, கேட்டு, அனுமதியோடு படமெடுத்துத் தனிக் கட்டுரையாகப் போடுங்கள். எழுதுகிறவரின் பெயர், ஊர், எத்தனை காலமாகச் சமைக்கிறார் என்ற விவரம் ஒரு பக்கத்தில் இருக்கட்டும்.

நம்பிக்கையைக் குலைப்பவை

“கருப்பட்டி போட்டால் சுகர் ஏறாது” என்று எழுதவே எழுதாதீர்கள். கருப்பட்டியிலும் வெல்லத்திலும் பெரும்பகுதி சர்க்கரைதான். சர்க்கரை நோயைத் தீர்க்கும் என்று மருந்து விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. ஒரு வயது நிறையாத குழந்தைக்கான கூழில் தேன் சேர்க்கச் சொல்லாதீர்கள். அரிதாக என்றாலும் பொட்டுலிசம் என்ற கடும் நச்சுநோய் வரக்கூடும். உடம்பு சம்பந்தப்பட்ட விஷயத்தில் கூகுள் கூடுதல் கண்டிப்பு காட்டுகிறது. நாமும் காட்டவேண்டும்.

காசோ இலவசப் பொருளோ வாங்கிக்கொண்டு ஒரு மசாலாவைப் பாராட்டினால், அதை வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்று விளம்பரத் தர நிர்ணயக் குழுமம் 2021-ல் நெறிமுறை வகுத்தது. நாமே நமக்கு ஐந்து நட்சத்திரம் போட்டுக்கொள்வதும், இயந்திரத்தை வைத்து நூற்றுக்கணக்கில் குறிப்புகளை அச்சடிப்பதும் வேண்டாம். இப்படிக் குவிப்பதை கூகுள் 2024 மார்ச் முதல் மோசடிப் பட்டியலில் வைத்திருக்கிறது.

கடைசியாகக் கொஞ்சம் தொழில்நுட்பம்

குறிப்பு ஒழுங்கான பிறகு செய்யவேண்டிய வேலைகள் குறைவுதான். பொருள், அளவு, நேரம் மூன்றையும் தேடுபொறிக்குப் புரியும்படி குறித்துக்காட்டும் ‘ஸ்கீமா’ முறை 2011-லிருந்து இருக்கிறது, அதைச் சேர்த்துவிடுங்கள். படங்களின் அளவைக் குறைத்தால் சிக்னல் குறைந்த ஊரிலும் பக்கம் சட்டென்று திறக்கும். ‘சர்ச் கன்சோல்’ என்ற கூகுளின் இலவசக் கருவியில், என்ன சொல்லைத் தட்டித் தேடி உங்களிடம் வந்தார்கள் என்பது தெரியும். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுகிறவர்களும் நிறைய இருக்கிறார்கள். அதனால் பலகாரத்தின் பெயரைத் தலைப்பில் ஒருமுறை அப்படியும் எழுதுங்கள், போதும்.

இந்த வாரத்துக்கு ஒரே வேலை. ஏற்கெனவே எழுதிய குறிப்புகளில் ஒன்றை எடுத்து, தராசும் கடிகாரமும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எழுதியபடியே மறுபடி செய்யுங்கள். எங்கே கை நின்றதோ, எங்கே சந்தேகம் வந்ததோ, அந்த இடத்தில் ஒரு வரி சேருங்கள். பத்துப் புதுக் குறிப்புகளைவிட இப்படித் திருத்திய ஒன்று உங்களுக்கு அதிகம் பேரைக் கொண்டுவரும்.

(அடுத்த வாரம்: மற்றவர் குறிப்பை எடுத்தாளும்போது நன்றி சொல்வது எப்படி?)