சொட்டும் குழாயும் ஒரு ரப்பர் வட்டும்

வீட்டுப் பழுதுகளைத் தாமே சரிசெய்யக் கற்க விரும்புவோருக்கு, மூடிய பின்னும் சொட்டிக்கொண்டிருக்கும் பித்தளைத் திருகுக் குழாயைவிடப் பொருத்தமான முதல் பாடம் இல்லை. மின்வேலையில் உள்ள உயிராபத்து இதில் இல்லை. வேண்டிய கருவி ஒரு ஸ்பேனர் மட்டுமே. பெரும்பாலும் பழுதாகியிருப்பது வாஷர் எனப்படும் சிறு ரப்பர் வட்டுதான். 20 சொட்டுகள் ஏறத்தாழ ஒரு மில்லிலிட்டர் என்று கொண்டால், நொடிக்கு ஒரு சொட்டு விடும் குழாய் நாளொன்றுக்கு 4 லிட்டருக்கு மேலும், ஆண்டொன்றுக்கு 1,500 லிட்டருக்கு மேலும் வீணாக்கும்.

இங்கிலாந்தின் ராதர்ஹாம் நகரிலிருந்த கெஸ்ட் அண்ட் கிரைம்ஸ் என்ற பித்தளை வார்ப்பாலை 1845இல் காப்புரிமை பெற்ற திருகு அமைப்பே இன்றைய பித்தளைக் குழாய்களின் அடிப்படையாகும். கைப்பிடியைத் திருப்பும்போது மரையிட்ட தண்டு கீழிறங்கி, நீர் வரும் துளையின் விளிம்பாகிய இருக்கையின்மீது வாஷரை அழுத்துகிறது. அத்தண்டு சிறிது சிறிதாகவே இறங்குவதால், ஓடும் நீர் திடீரெனத் தடைப்பட்டுக் குழாய்வரிசையை அதிரச் செய்யும் நீரடி என்னும் அதிர்ச்சியும் தவிர்க்கப்படுகிறது.

இக்குழாயின் உண்மையான நுட்பம் ஜம்பர் என்னும் சிறு பித்தளை உறுப்பில் இருக்கிறது. பழைய வகைக் குழாய்கள் பலவற்றில், வாஷரைத் தாங்கும் இவ்வுறுப்பு தண்டோடு இறுகப் பிணைக்கப்படாமல், அதன் அடித்துளையில் தளர்வாகச் செருகப்பட்டிருக்கும். தண்டு உயரும்போது ஜம்பரை மேலே தூக்குவது தண்டன்று, கீழிருந்து தள்ளும் நீரின் அழுத்தமே. மூடும்போதும் தண்டு சுழல, ஜம்பர் சுழலாமல் நேராக அமர்வதால், ரப்பர் இருக்கைமீது உரசித் தேய்வதில்லை. அன்றியும், குழாய்வரிசையில் அழுத்தம் திடீரெனக் குறைந்தால், திறந்திருக்கும் குழாயிலும் ஜம்பர் தன் எடையாலேயே விழுந்து துளையை அடைப்பதால், வாளியின் அழுக்கு நீர் குடிநீர்க் குழாய்க்குள் பின்னோக்கி இழுக்கப்படாமல் தடுக்கப்படுகிறது. கட்டாமல் விட்ட ஒரே உறுப்பு இத்தனை பணிகளைச் செய்வது வியப்புக்குரியது.

பழுது நீக்க, மேல்நிலைத் தொட்டியின் கேட் வால்வை மூடி, குழாயைத் திறந்து எஞ்சிய நீரை வடித்துவிட்டு, குழாயின் தலைப்பகுதியைத் துணி சுற்றி ஸ்பேனரால் கழற்ற வேண்டும். ஜம்பரை எடுத்து, தேய்ந்த வாஷரை அகற்றி, அதே அளவுள்ள புதியதைப் பொருத்திய பின், இருக்கையை விரலால் தடவிப் பார்ப்பது அவசியமாகும். மெல்லிய இடைவெளியில் நெடுநாள் பீறிட்ட நீர் பித்தளையை அரித்துப் பள்ளமாக்கியிருந்தால், புதிய வாஷரும் பயன் தராது, இருக்கையைச் சீவிச் சமப்படுத்த வேண்டியிருக்கும். கைப்பிடியின் கழுத்தில் கசிவு இருப்பின், குறை வாஷரில் அன்று, தண்டைச் சுற்றித் திணிக்கப்பட்ட நூலில் உள்ளது.

இப்பழுதின் பெருங்காரணம் முரட்டுத்தனமாக இறுக்கும் பழக்கமாகும். 10 மீட்டர் உயரத்திலுள்ள தொட்டி நீர், சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ எடையளவே அழுத்துகிறது. அரை அங்குலக் குழாயின் இருக்கைத் துளையும் ஏறத்தாழ அதே பரப்புடையது. ஆகவே நீரைத் தடுக்க, குடத்தின் ஓட்டையைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்கும் அளவு விசையே போதும். திருகோ கையின் விசையைப் பன்மடங்காக்குவதால், சொட்டுவதைக் கண்டு மேலும் இறுக்குவோர் ரப்பரை வெட்டி, பழுதை வளர்க்கின்றனர்.

சிறு வட்டு ஒன்று தேய்ந்ததற்காக முழுக் குழாயையும் எறிந்து பிளாஸ்டிக் குழாய் மாட்டுவதும், ஸ்பேனரைப் பிடிக்கும் உரிமை ஆண்பிள்ளைகளுக்கே உரியது என எண்ணுவதும் கைவிடப்பட வேண்டியவை. பன்னிரண்டு வயதுச் சிறுமியும் எளிதில் கற்கத்தக்க இவ்வேலையைப் பள்ளிகள் ஒரு பிற்பகலில் கற்பித்துவிடலாம். தன் கையால் ஒரு குழாயைப் பிரித்துக் கோத்தவர், அடுத்த பழுதில் காரணத்தைத் தேடப் பழகுவதோடு, பிளம்பரின் உழைப்புக்குரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுக்கவும் கற்றுக்கொள்வார்.