ஒரு சிலிண்டர்... ரெண்டு சைலன்சர்!

அப்பச்சியின் யெஸ்டிக்கு ஒரே சிலிண்டர். சைலன்சர் மட்டும் ரெண்டு! அதைத் தயாரித்த மைசூர் ஐடியல் ஜாவா கம்பெனியை 1996-லேயே மூடியாச்சு. துருப்பிடித்துப்போன சைலன்சருக்கு மாற்று வேண்டுமே? வெறும் குழாயாகப் பார்த்து மாட்டினேன். செக்காலை ரோடே திரும்பிப் பார்த்தது, வண்டிதான் இழுக்கவில்லை!

"டூ-ஸ்ட்ரோக்குல பாதி எஞ்சின் சைலன்சருக்குள்ளதான் இருக்குண்ணே. அழுத்தம் திரும்பி வந்து முட்டணும். இல்லேன்னா எரியாத பெட்ரோலும் புகையோட ஓடிடும்" என்றார் காரைக்குடி மெக்கானிக். பழைய அளவிலேயே தகடு வளைத்து, உள்ளே தடுப்புக் குழாய் வைத்து, ஜோடியாகச் செய்து தந்தார்.

சாயங்காலம் வீடு திரும்பினேன். வளவிலிருந்து ஆத்தாவின் குரல்: "அப்பச்சி வந்துட்டாக... காபியைப் போடுங்க!"

சொன்னவர், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அப்பச்சி போய் நாலு வருஷமாச்சு!