பழைய ஆக்செஸ் கோப்பு திறக்க மறுக்கிறதா?

சங்க உறுப்பினர் பட்டியல், கடையின் இருப்புக் கணக்கு என 1990களின் இறுதியில் மைக்ரோசாஃப்ட் ஆக்செஸ் 97இல் தொடங்கிய பதிவேடுகள் சில அலுவலகங்களில் இன்னும் புழக்கத்தில் உள்ளன. அந்தப் பழைய கணினி பழுதாகும்போதுதான் சிக்கல் தெரியும். ஆக்செஸ் 2013 முதல் வந்த பதிப்புகள் 97இன் கோப்பைத் திறப்பதில்லை.

வழி உண்டு, சற்றுச் சுற்றுவழி. ஆக்செஸ் 2003, 2007, 2010 ஆகியவற்றில் ஒன்று உள்ள கணினியைத் தேடிப் பிடியுங்கள். மூலக் கோப்பைத் தொடாமல், நகலை மட்டும் 2002-2003 வடிவத்துக்கு மாற்றுங்கள். அதைப் புதிய பதிப்பு திறந்துவிடும்.

தமிழில் பதிந்தவர்களுக்கு இன்னொரு தலைவலி. ஆக்செஸ் 97 யூனிகோடு அறியாதது. அந்த வசதி 2000 பதிப்பில்தான் வந்தது. திஸ்கி போன்ற குறியேற்றத்தில் அன்று தட்டெழுதிய பெயர்கள், உரிய எழுத்துரு இல்லாவிட்டால் வெறும் ஐரோப்பிய எழுத்துக் குவியலாகவே தெரியும். கோப்பை மாற்றினாலும் அவை தாமாகத் தமிழாகிவிடா. குறியேற்ற மாற்றி கொண்டு தனியே யூனிகோடுக்குக் கொண்டுவர வேண்டும். எந்தக் குறியேற்றம் என்பதைக் கண்டுபிடிக்கப் பெரும்பாலும் அந்தப் பழைய எழுத்துருதான் துப்பு. கணினியைக் கழிக்கும் முன் அதையும் நகலெடுத்து வையுங்கள். பெயர்ப் பட்டியலை ஒருமுறை தாளில் அச்சிட்டுக்கொள்ளுங்கள். மாற்றியபின் ஒப்பிட்டுப் பார்க்க அதுவே உதவும்.