பாறசாலைக்கு வராத வானம்பாடி

கருந்தலை வானம்பாடிக்கு தார் பாலை, அரேபிய மணல்வெளி போன்ற இடங்கள் வீடு. அதன் நெருங்கிய உறவான சாம்பல்தலை வானம்பாடி நம் பக்கத்துப் பறவை. இந்தியத் துணைக்கண்டத்தையும் இலங்கையையும் விட்டால் வேறெங்கும் கிடையாது. பிரெஞ்சுப் பயணி சொன்னராட் நம் செஞ்சிப் பறவையைப் பற்றி எழுதியதை வைத்து 1786இல் ஸ்கோபோலி இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். உழுதுபோட்ட புஞ்சை, வற்றிய குளத்தின் உள்வாய், உப்பளத்தின் ஓரம் என்று மரம் இல்லாத இடமாகப் பார்த்து வாழும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கிழக்கே அப்படிப்பட்ட வெட்டவெளிக்குப் பஞ்சமே இல்லை. அங்கிருந்து மேற்கே சுமார் 50 கி.மீ. வந்தால் பாறசாலை, அதைத் தாண்டி நெய்யாற்றின்கரை. இந்தக் கேரள எல்லைக் கிராமங்களில் இந்தப் பறவையை எதிர்பார்த்துப் போகிறவர் யாருமில்லை. ஏன் என்று கேட்டால் ‘மழை’ என்று ஒரே சொல்லில் பதில் வரும். அது பாதிப் பதில்தான் என்பது என் கட்சி.

மழைக் கட்சிக்கும் வலு உண்டு. திருவனந்தபுரத்தில் ஆண்டுக்குச் சுமார் 1,800 மி.மீ. பெய்கிறது, குமரி முனைக்கு வந்தால் ஏறத்தாழ பாதியாகிவிடுகிறது. அரசியல் எல்லைக்கு இதில் பங்கில்லை. 1933இல் சாலிம் அலி திருவிதாங்கூர்–கொச்சிப் பறவைக் கணக்கெடுப்புக்காக ஆரல்வாய்மொழியிலும் கன்னியாகுமரியிலும் முகாமிட்டபோது, எல்லாம் ஒரே சமஸ்தானம். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்கள் இந்தப் பக்கம் வந்தன. நெய்யாற்றின்கரை அந்தப் பக்கமே நின்றது. ஆனால் களியக்காவிளைச் சோதனைச் சாவடிக்கு இருபுறமும் அதே ரப்பர், அதே தென்னை, அதே மரச்சீனி விளைகள். பறவையின் எல்லை அங்கே இல்லை. இன்னும் கிழக்கே, மரங்கள் விலகும் இடத்தில் இருக்கிறது.

அந்த மரங்களைத்தான் நான் குற்றம் சாட்டுகிறேன். கூட்டைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால் காரணம் புரியும். கூடு என்று சொல்லப் பெரிதாக எதுவும் இல்லை: ஒரு மண்கட்டியின் அடியிலோ மாட்டுக் குளம்படியிலோ ஒரு சிறு குழி, உள்ளே கொஞ்சம் புல்லும் மயிரும், விளிம்பைச் சுற்றிப் பொடிக்கற்கள். முட்டை இரண்டோ மூன்றோ. அடைகாக்கும் பெட்டைக்கு மண்ணின் நிறம். அதற்கு மறைவிடம் தேவையில்லை. வெறும் மண்ணே மறைவு. சேவல் நேர்மாறு: தலை சாம்பல், கண்கோடும் அடிப்பகுதி முழுவதும் கருப்பு. 12 செ.மீ. உடம்பை வைத்துக்கொண்டு செங்குத்தாக 30 மீட்டர் வரை ஏறும். சிறகை ஒடுக்கிச் சீழ்க்கையடித்தபடி தலைகீழாக விழும். தரைக்குச் சற்று மேலே நிமிர்ந்து மறுபடி ஏறும். இந்த வித்தையை ரப்பர் தோட்டத்துக்குள் யாருக்குக் காட்டுவது? நிழலில் அது தின்னும் புல்விதையும் விளையாது. மரம் நிறைந்தால் காகத்துக்கும் வல்லூறுக்கும் தரைக்கூட்டை நோட்டமிட வசதியான இருக்கைகள் கிடைக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மழையே தடை என்றால் வங்கதேசத்து ராஜ்ஷாஹியில் இது இருக்கக் கூடாது. அங்கே ஆண்டு மழை சுமார் 1,450 மி.மீ.; ஆரல்வாய்மொழிக்காரர்கள் கனவில்தான் காண முடியும். ஆனால் பத்மா ஆற்றின் மணல்திட்டுகளில் இந்தப் பறவை வாழ்கிறது. அங்கே மழை ஏறக்குறைய முழுவதும் சில மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான மறுப்பு. நெய்யாற்றின்கரையில் இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழைக்குப் பின் துலாவர்ஷம் என்னும் வடகிழக்குப் பருவமழையும் வருவதால் மண் காய்வதற்குள் புல் புதராகிவிடும். ஆனால் இந்த மறுப்பு என் வாதத்தைத்தான் பலப்படுத்துகிறது: மழை பறவையைத் துரத்தவில்லை, தரையை மூடிவிடுகிறது. பத்மாவின் வெள்ளம் ஆண்டுதோறும் திட்டுகளைக் கழுவி மறுபடி வெறும் மணலாக்குகிறது.

பாலைக்கென்றே அமைந்த உடம்பு ஈரத்தைத் தாங்குமா என்பது இன்னொரு கேள்வி. டச்சு நாட்டு வானம்பாடிகளையும் அரேபிய வானம்பாடிகளையும் டீல்மன், வில்லியம்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வறண்ட நிலத்து இனங்கள் ஓய்விலும் குறைந்த ஆற்றலையே செலவிடுகின்றன. உடலிலிருந்து ஆவியாகும் நீரும் குறைவு. இது சிக்கனம், விரதமல்ல. சிக்கனக்காரருக்கு வசதியான ஊரில் வாழ முடியாது என்று யாரும் சொல்வதில்லை.

என் வாதம் தடுமாறும் இடம் கடற்கரை. பூவாறு, பொழியூர் பக்கம் வெறும் மணல் இருக்கிறதே, அங்கே ஏன் குடியேறவில்லை? வெறுமை மட்டும் போதாது, அதில் புல்லும் வேண்டும், ஆளும் நாயும் ஓயாமல் மிதிக்காத அகலமும் வேண்டும் என்பதே என் விடை. அலைக்கும் தென்னைக்கும் வீடுகளுக்கும் நடுவே வள்ளம் ஏற்றி வலை உலர்த்தும் பட்டையில் இரண்டுமே இல்லை. கேரளத்திலேயே பாலக்காட்டின் கிழக்குச் சமவெளியில் இரண்டும் இருக்கின்றன, பறவையும் இருக்கிறது. அதுவும் ஆரல்வாய்மொழியைப் போலவே மலைத்தொடர் இடைவிட்ட வாசல்.

அறுவடை முடிந்த நெல்வயல் ஓரிரு மாதம் இதற்கு ஏற்ற தரையாகலாம். ஆனால் 1970களின் நடுவில் கேரளத்தில் சுமார் 8.8 லட்சம் ஹெக்டேர் இருந்த நெல் இன்று 2 லட்சத்தை ஒட்டி நிற்கிறது. நெய்யாற்றின்கரை வயல்களிலும் வாழையும் மரச்சீனியும் ஏறிவிட்டன. சூழலியல் கூட்டங்களில் இது எடுபடாது என்று தெரியும், மரம் நடுவதுதான் அங்கே புண்ணியம். ஆனாலும் சொல்கிறேன்: இந்தக் கிராமங்களில் என்றாவது பெரும் பரப்பில் மரங்களை அகற்றி நிலத்தைச் சமன்செய்து, கட்டடம் எழாமல் சில ஆண்டு புல்லோடு போட்டுவைத்தால், மழை இம்மியும் குறையாமலே சாம்பல்தலை வானம்பாடி வந்து முட்டையிடக்கூடும். மழைக் கட்சிக்காரர்கள் அதற்கு என்ன விளக்கம் சொல்வார்கள் என்று கேட்க ஆவலாக இருக்கிறேன்.