பாசி சுத்தம் செய்யும் தொழில்: 'பார்' நம்பரைப் பார்த்து ஏமாறாதீங்க! முதல் மிஷின் வாங்குவது எப்படி?

சென்னை:

வடகிழக்கு பருவமழை ஓய்ந்ததும் சென்னையிலும் புறநகரிலும் வாசல், காம்பவுண்டு சுவர், கார் நிறுத்தும் தரை, மொட்டை மாடி என்று எங்கு பார்த்தாலும் பச்சையும் கறுப்புமாக பாசி படிந்து கிடக்கும். கால் வைத்தால் வழுக்கும். பொங்கலுக்கு வெள்ளையடிக்க நினைப்பவர்களுக்கு அது முதல் தலைவலி. மார்ச் மாதம் வந்தால் மாடியில் கூலிங் பெயிண்ட் அடிக்க வேண்டும். அதற்கும் முதலில் பாசியை எடுத்தாக வேண்டும்.

தண்ணீரை பீய்ச்சி அடித்து பாசி எடுத்துக் கொடுக்கும் இந்த வேலையில் பெயிண்டர், பிளம்பர், கார் கழுவும் பையன்கள் என்று பலர் பக்க வருமானத்துக்காக இறங்குகிறார்கள். ஒரு மிஷின், ஒரு பைக், ஒரு செல்போன் இருந்தால் போதும் என்பது இவர்கள் கணக்கு. வீட்டு நகையை அடகு வைத்து மிஷின் வாங்கி, மூணாவது மாசமே மோட்டார் கருகி, வட்டி கட்டுவது மட்டும் மிச்சம் என்று ஆகிவிடுவதும் உண்டு. பெரும்பாலும் கோளாறு மிஷினில் இருப்பதில்லை. வாங்கும்போது எதைப் பார்த்து வாங்கினோம் என்பதில்தான் இருக்கிறது.

அட்டைப்பெட்டி நம்பர்

பிரஷர் வாஷர் எனப்படும் இந்த மிஷினின் அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் 130 பார், 150 பார் என்று போட்டிருக்கும். "அண்ணே, 150 பார் அண்ணே, சும்மா பிச்சுக்கிட்டு போகும்" என்பது கடைக்காரர் பேச்சு. 'பார்' என்பது அழுத்தத்தின் அளவு. கார் டயரில் இருக்கும் காற்று சுமார் 2 பார். அதைப்போல 60, 70 மடங்கு என்று சொன்னால் யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும்.

ஆனால் பெட்டியில் இருக்கும் அந்த நம்பர் பெரும்பாலும் உச்ச அழுத்தம். வேலை நடக்கும்போது கிடைப்பது அதைவிட குறைவு. இன்னொரு விஷயம், அழுத்தம் பாசியைக் கிளப்பி விடும், அவ்வளவுதான். கிளம்பிய அழுக்கைத் தள்ளிக்கொண்டு போவது தண்ணீரின் அளவு. அந்த நம்பர் பெட்டியின் ஓரத்தில் சின்னதாக, நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று இருக்கும். வீட்டு உபயோக மிஷின்களில் இது 6, 7 லிட்டர். தொழிலுக்கான சிங்கிள் பேஸ் மிஷின்களில் 10 லிட்டர் அளவில் இருக்கும். ஒரே அழுத்தம் உள்ள இரண்டு மிஷின்களில் 10 லிட்டர் மிஷின்தான் மாடியை சீக்கிரம் முடிக்கும். நாலு மணி நேர வேலை இரண்டரை மணி நேரத்தில் முடிந்தால் அன்றைக்கு இன்னொரு வீடு பார்க்கலாம்.

எடை சொல்லும் உண்மை

அடுத்தது மோட்டார். ரூ.6 ஆயிரம், ரூ.8 ஆயிரத்துக்கு ஆன்லைனில் வரும் மிஷின்கள் பலவற்றில் கார்பன் பிரஷ் வைத்த மோட்டார்தான் இருக்கிறது. மிக்சி மோட்டார் ரகம். ஓடும்போது காதைக் கிழிக்கும். வாரத்துக்கு ஒருமுறை சொந்த காரைக் கழுவ அது தாராளம். மே மாத வெயிலில் மொட்டை மாடியில் மூணு மணி நேரம் ஓட்டினால் தாங்காது. தொழிலுக்கு இண்டக்ஷன் மோட்டார்தான் சரி. சத்தம் குறைவு, சூடு தாங்கும், ஆயுசு அதிகம்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க பெரிய படிப்பு எதுவும் தேவையில்லை. தூக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஒரு கையால் அலேக்காகத் தூக்க முடிந்தால் அது பிரஷ் மோட்டார். இண்டக்ஷன் மிஷின் 20 கிலோவுக்கு மேல் கனக்கும். காயில் செம்பா, அலுமினியமா என்று கேட்டு அதை பில்லிலும் எழுதி வாங்குவது நல்லது. பம்பின் தலைப்பகுதி பித்தளையாக இருந்தால் சென்னை போர் தண்ணீரின் உப்பைத் தாங்கும். பிளாஸ்டிக் தாங்காது.

வாரண்டி அட்டையையும் படிக்க வேண்டும். 'வீட்டு உபயோகத்துக்கு மட்டும்' என்று பல கம்பெனிகள் பொடி எழுத்தில் போட்டிருக்கும். தொழிலுக்கு ஓட்டியது தெரிந்தால் சர்வீஸ் சென்டரில் கையை விரித்துவிடுவார்கள். வாஷர், சீல், ஓ ரிங் போன்றவை உள்ளூரிலேயே கிடைக்கும் மாடலாக இருப்பது முக்கியம். பாரிமுனை, மண்ணடி, லிங்கிச் செட்டி தெரு பக்கம் ஒரு நாள் அலைந்து, எந்த மாடலுக்கு உதிரி பாகம் உண்டு என்று விசாரித்த பிறகு வாங்குபவர்கள் பின்னால் அவஸ்தைப்படுவதில்லை.

கரண்ட் விஷயத்தில் விளையாடாதீங்க

தொழில் மிஷின் என்றதும் 3 பேஸ் மிஷின் வாங்குகிறவர்களும் உண்டு. போகிற வீட்டில் எல்லாம் 3 பேஸ் பிளக் வெளியே இருக்காது. முதல் மிஷின் சிங்கிள் பேஸில் ஓடுவதாகவே இருக்கட்டும். 3 எச்.பி. மோட்டார் 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஆன் செய்யும் நொடியில் அதைப்போல பல மடங்கு இழுக்கும். வாசல் லைட்டுக்குப் போட்ட 5 ஆம்பியர் பிளக்கில் சொருகினால் பிளக் உருகும். 15 ஆம்பியர் பாயிண்ட் எங்கே இருக்கிறது என்று போனிலேயே கேட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும்.

பிளாட்பாரத்தில் விற்கும் மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் கூடவே கூடாது. 2.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு வயர், எர்த் சேர்த்து மூன்று கோர் உள்ளது தேவை. நீளமான வயரில் வோல்டேஜ் இறங்கி மோட்டார் சூடாகும் என்பது ஒரு பக்கம். ஈரத் தரையில் கிடக்கும் வயர் வெட்டுப்பட்டால் உயிரே போகும் என்பது இன்னொரு பக்கம்.

இதற்கு வழி இருக்கிறது. வயரை நீட்டாமல் தண்ணீர் ஹோஸை நீட்டலாம். மிஷினை கீழே பிளக் பக்கத்திலேயே வைத்துவிட்டு, 20 அல்லது 30 மீட்டர் பிரஷர் ஹோஸை மாடிக்கு கொண்டு போகலாம். 10 மீட்டர் உயரம், அதாவது சுமார் மூன்று மாடி ஏறினால் உயரத்தால் குறைவது 1 பார் மட்டுமே. கனமான மிஷினை படிக்கட்டில் தூக்கிச் சுமக்கும் வேலையும் மிச்சம்.

30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே கரண்டை நிறுத்தும் ஆர்.சி.சி.பி. ஒன்றை சின்ன பெட்டியில் பொருத்தி கையோடு கொண்டு போக வேண்டும். நல்ல எலெக்ட்ரீசியன் ஒரு மணி நேரத்தில் செய்து கொடுப்பார். போகிற வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் மிஷினை ஆன் செய்யக்கூடாது. மிஷினுக்கு ரூ.25 ஆயிரம் கொடுப்பவர்கள் இதற்கு யோசிப்பதுதான் வேடிக்கை.

தண்ணீர் யார் வீட்டுது?

நிமிடத்துக்கு 10 லிட்டர் என்றால் மணிக்கு 600 லிட்டர். இரண்டு மணி நேரம் கையை எடுக்காமல் அடித்தால் 1,200 லிட்டர். ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற அரசு கணக்குப்படி, நாலு பேர் உள்ள வீட்டுக்கு அது இரண்டு நாள் தண்ணீர். 2019-ம் ஆண்டு கோடையில் ஏரிகள் வறண்டு லாரிக்கு பின்னால் குடத்துடன் ஓடிய ஊர் இது. தண்ணீர் உங்களுடையதா, எங்களுடையதா என்பதை முன்கூட்டியே பேசாவிட்டால் வேலை பாதியில் நின்று கூலியில் தகராறு வரும்.

குழாய் தண்ணீர் நடுவில் நின்றுபோனால் மிஷின் வெறுமனே ஓடி பம்பு போய்விடும். அதனால் டிரம்மில் இருந்து தானாக உறிஞ்சும் வசதி உள்ள மாடலாகப் பார்த்து வாங்குவது புத்திசாலித்தனம். உறிஞ்சும் குழாயின் முனையில் பில்டர் கட்டாயம். சின்ன மணல் போனாலும் நாசில் அடைத்துக்கொள்ளும்.

தட்டோடு மாடி ஜாக்கிரதை

மிஷின் பெட்டியில் அழகான மரவேலியும் மரத்தரையும் படமாக இருக்கும். அது வெளிநாட்டுக்காரர்கள் வீடு. நம்ம ஊரில் சிமெண்ட் பூச்சு, தட்டோடு, இரும்பு கேட். பழைய மாடிகளில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து வெதரிங் கோர்ஸ் போட்டு, அதன் மேல் தட்டோடு பதித்திருப்பார்கள். ஓட்டுக்கு ஓடு உள்ள இணைப்பில் கூர்மையான ஜெட் அடித்தால் பூச்சு பெயர்ந்து வரும். அன்றைக்கு மாடி பளபளவென்று இருக்கும். அடுத்த மழையில் படுக்கை அறை ஒழுகும். வீட்டுக்காரர் போனை எடுப்பார்.

நாசில்களுக்கு கலர் வைத்திருக்கிறார்கள். சிவப்பு ஜீரோ டிகிரி, ஊசி மாதிரி ஒரே கோடாக அடிக்கும். மஞ்சள் 15, பச்சை 25, வெள்ளை 40 டிகிரி விசிறி. சிவப்பை பெட்டியை விட்டே எடுக்க வேண்டாம். சுவருக்கும் தட்டோட்டுக்கும் வெள்ளை அல்லது பச்சை போதும். முதலில் ஒரு மூலையில் ஒரு அடி இடத்தில் அடித்துப் பார்த்து, பெயிண்டும் பூச்சும் நிற்கிறதா என்று வீட்டுக்காரரிடமே காட்டிவிட்டு ஆரம்பித்தால் பிறகு பேச்சு வராது. கார் பார்க்கிங் மாதிரி சமதரைக்கு, வட்டமாகச் சுற்றும் சர்பேஸ் கிளீனர் வைத்தால் கோடு விழாது. ஆனால் அது சரியாகச் சுற்ற தண்ணீர் அளவு வேண்டும். 6 லிட்டர் மிஷினில் திணறும்.

உண்மையில் பாதி வேலையை மிஷின் செய்வதில்லை. பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, தெளிந்த தண்ணீரை மட்டும் எடுத்து, பாசி மேல் தெளித்து கால் மணி நேரம் விட்டால் பாசி செத்துவிடும். அப்புறம் லேசான அழுத்தமே போதும். இதற்கு விவசாயிகள் முதுகில் மாட்டும் தெளிப்பான் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும். பிளீச்சிங் தண்ணீரை பிரஷர் மிஷினுக்குள் விட்டால் சீல் அரித்துவிடும். பூச்செடிகளை முன்னும் பின்னும் நல்ல தண்ணீரில் நனைப்பது அவசியம். சீக்கிரம் போகட்டும் என்று பிளீச்சிங்குடன் ஆசிட் கலந்தால் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். ஆசிட் சிமெண்டையும் மொசைக்கையும் தின்றுவிடும் என்பதால் அது பையிலேயே வேண்டாம்.

சின்ன காயம்தானே என்று விடாதீங்க

ஜெட் தண்ணீர் கையில், காலில் பட்டால் வெளியே சின்ன புள்ளிதான் தெரியும். உள்ளே தண்ணீரும் அழுக்கும் தோலுக்கு அடியில் புகுந்திருக்கும். இதை மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு வேலை பார்க்கக்கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், பிரஷர் ஜெட் அடித்தது என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு இந்த வேலை ஆகாது. கம் பூட்ஸ், கண்ணாடி, கையுறை மூன்றும் மிஷினோடு சேர்த்து வாங்க வேண்டிய பொருட்கள்.

பட்ஜெட் என்ன?

கையில் ரூ.40 ஆயிரம் இருந்தால் முழுவதையும் மிஷினில் போடக்கூடாது. ரூ.20 ஆயிரம் முதல் ரூ.25 ஆயிரத்துக்குள் இண்டக்ஷன் மிஷின் பார்த்துவிட்டு, மீதியில் ஹோஸ், வயர், ஆர்.சி.சி.பி., தெளிப்பான், பூட்ஸ், ஒரு செட் உதிரி சீல் என்று வாங்குவதே சரி. ஒரு வேலைக்கு ரூ.1,500 வாங்கி, பெட்ரோல், உதவி ஆள், பவுடர் செலவு ரூ.700 போனால் மிச்சம் ரூ.800. அப்படியானால் போட்ட ரூ.40 ஆயிரத்தை எடுக்க 50 வேலை செய்ய வேண்டும். வாரத்துக்கு மூணு வேலை கிடைத்தால் நாலு மாசம் ஆகும். இந்தக் கணக்கை நகை அடகு வைப்பதற்கு முன்னால் போட வேண்டும். கட்டிட கருவிகளை நாள் வாடகைக்கு விடும் கடைகளில் பிரஷர் வாஷர் கிடைத்தால், முதல் பத்து வீட்டை வாடகை மிஷினில் முடித்து, வேலை வருகிறதா என்று பார்ப்பது இன்னும் நல்லது.

தொட்டிக்குள் இறங்காதீங்க

மிஷினைப் பார்த்ததும் சில வீட்டுக்காரர்கள், "தம்பி, அப்படியே செப்டிக் டேங்கையும் பார்த்துடேன், சேர்த்து தர்றேன்" என்பார்கள். கண்டிப்பாக மாட்டேன் என்று சொல்ல வேண்டும். விஷவாயு ஒரு நொடியில் ஆளைச் சாய்க்கும். காப்பாற்ற இறங்குகிறவரும் சேர்ந்து போவார். பாதுகாப்பு கருவிகள் இல்லாமல் செப்டிக் டேங்க், சாக்கடையில் ஆளை இறக்குவது 2013-ம் ஆண்டு சட்டப்படி குற்றம். முதல் முறை சிக்கினாலே இரண்டு ஆண்டு வரை ஜெயில் அல்லது ரூ.2 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும் கிடைக்கும். ஆளை அழைத்துப்போய் இறக்கிவிடும் காண்டிராக்டரும் இதில் மாட்டுவார்.

நல்ல தண்ணீர் சம்ப்பும் அப்பாவி இல்லை. ரொம்ப நாள் மூடிக் கிடந்த சம்ப்பில் ஆக்சிஜன் குறைந்திருக்கும். மெழுகுவர்த்தியை இறக்கிப் பார்ப்பது நம்பகமான சோதனை கிடையாது. கேஸ் டிடெக்டர், காற்று ஊதும் பிளோயர், உடல் முழுக்க மாட்டும் ஹார்னஸ், மேலே காவலுக்கு ஆள், இது எல்லாம் சேரும் வரை சம்ப் வேலையை எடுக்காமல் இருப்பதே நல்லது.

லோன் கிடைக்குமா?

முத்ரா திட்டத்தில் 'சிஷு' பிரிவில் ரூ.50 ஆயிரம் வரை பிணை இல்லாமல் பேங்கில் கடன் கேட்கலாம். கடையில் வாங்கிய மிஷின் கொட்டேஷன், ஆதார், பேங்க் பாஸ்புக் கையில் இருக்க வேண்டும். ஆண்டு வரவு ரூ.20 லட்சத்தைத் தாண்டாத வரை இந்த வேலைக்கு ஜி.எஸ்.டி. பதிவு தேவைப்படாது. அப்பார்ட்மெண்ட் சங்கங்களில் பில் கேட்பார்கள் என்பதால் 'உத்யம்' பதிவு செய்து வைத்துக்கொள்வது உதவும். அது முழுக்க இலவசம். இதற்கு யாராவது ரூ.2 ஆயிரம், ரூ.3 ஆயிரம் கேட்டால் அவர் புரோக்கர்.